அம்மப்பாவின் வில்லுக்கத்திகளும் பழைய சோனகத் தெருச் சாணைக் கடையும்

வீட்டில் தாத்தா காலத்து மடக்குக் கத்தி ஏதாவது அலுமாரி மூலையில் கிடக்கிறதா? அதை மினுக்கவோ தீட்டவோ யார் கையிலும் கொடுக்க வேண்டாம். முதலில் கொழும்பு 12இல், பழைய சோனகத் தெருவை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில் இருக்கும் சாணைக் கடைக்குக் கொண்டு போங்கள். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது, அதனால் பெயர் சொல்ல முடியவில்லை, போகிற வழியைக் கடைசியில் எழுதுகிறேன். தையல்காரரின் கத்தரிக்கோல், சலூன்காரரின் கத்தரி, இறைச்சிக் கடைக் கத்தி, தச்சரின் உளி, இவைதான் அங்கே நாள் முழுக்க வந்து போகும் வேலை. பழைய கத்தியைப் பார்த்து இது எந்த ஊர், எந்தக் காலம், எதற்காகச் செய்தது என்று சொல்வது அந்தக் கடைக்கார நானாவின் தொழில் இல்லை. ஆனால் தீட்டுவதற்கு முன்னால் அதைத் தெரிந்துகொள்ளாமல் அவர் சாணைக்கல்லைத் தொடமாட்டார், இந்தக் கடையைப் பற்றி எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

நான் கொண்டு போனவை ஐந்து கத்திகள். அம்மப்பா மத்துகமப் பக்கம் ஒரு றப்பர் தோட்டத்தில் நெடுங்காலம் கிளாக்கராக இருந்தவர். ஓய்வு பெற்று வெள்ளவத்தைக்கு வந்தபோது கொண்டு வந்த சாமான்களோடு இவையும் வந்திருக்கின்றன, அம்மா அவற்றைக் கடதாசியில் சுற்றி ஒரு பிஸ்கட் பேணிக்குள் போட்டு வைத்திருந்தார். எங்கள் வீட்டுக் கதைப்படி ஐந்துமே தோட்டத்துத் துரை ஊருக்குப் போகும்போது கொடுத்தவை. யாரும் அதைக் கேள்வி கேட்டதில்லை, கேட்க வேண்டிய தேவையும் வரவில்லை. இப்போது பேரப்பிள்ளைகள் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு வந்தபோதுதான், எது எது என்று தெரியாமல் எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி வந்தது.

நானா ஐந்தையும் மேசையில் ஒரு பழைய பேப்பரை விரித்து வரிசையாக வைக்கச் சொன்னார். ஒன்றையும் திறக்கவில்லை. காய்ந்த துணியால் துடைத்து, ஒவ்வொன்றையும் கையில் நிறுத்துப் பார்த்து, காந்தத் துண்டு ஒன்றைப் பிடியின் இரு முனையிலும் உள்ள உலோகக் குப்பியில் தொட்டுப் பார்த்தார். காந்தம் ஒட்டினால் இரும்பு, ஒட்டாமல் வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் ஜேர்மன் சில்வர் என்ற, வெள்ளி கலக்காத கலப்பு உலோகம், மஞ்சளாக இருந்தால் பித்தளை. அப்புறம்தான் இறுகிக் கிடந்த அலகுகளின் மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். தையல் மெஷினுக்கு விடும் அதே எண்ணெய். அரை மணித்தியாலம் காத்திருக்க வேண்டும் என்றார், அதற்குள் எனக்குப் பிளேன்டியும் வந்துவிட்டது. நகம் வைக்கும் பள்ளத்தில் குறடு போட்டு இழுப்பவர்களை நினைத்தால் அவருக்குக் கோபம் வருகிறது. பழைய கத்தியில் பின்பக்க ஸ்பிரிங் முறிவதும் நகப்பள்ளத்தின் ஓரம் உடைவதும் இப்படித்தான் நடக்கிறதாம். நகம் தாங்காவிட்டால் ஒரு தோல் துண்டால் அலகை இரு பக்கமும் பிடித்து மெதுவாக இழுக்க வேண்டும், வராவிட்டால் திரும்பவும் எண்ணெய் விட்டுவிட்டு மறுநாள் பார்க்க வேண்டும்.

அலகு திறந்ததும் அவர் பார்த்த இடம் ஒன்றுதான். அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில், கூர் தொடங்குவதற்கு முன்னால், விரல் நுனி அளவு தட்டையான ஒரு பகுதி இருக்கும். அதைக் கழுத்து என்கிறார். செய்தவரின் முத்திரை அதில்தான் அடிக்கப்பட்டிருக்கும். செட்டியார் தெரு நகைக்கடைகளில் கல் பார்க்க வைத்திருப்பார்களே, அந்த மாதிரி பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று அவரிடம் இருக்கிறது. முத்திரை தேய்ந்திருந்தால் வெண்கட்டியைத் தூளாக்கி அதில் தடவித் துடைக்கிறார், பள்ளத்தில் தங்கிய வெள்ளை எழுத்தைக் காட்டிக் கொடுக்கிறது. படம் எடுக்க வேண்டும் என்றால் டோர்ச்சை நேராகப் பிடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார். சொன்னபடி எடுத்தேன், வெறும் கண்ணுக்குக் கீறலாகத் தெரிந்தது போன் திரையில் சொல்லாக வந்தது.

முதல் கத்தி ஜோசப் ரொட்ஜர்ஸ். இரண்டு அலகு, வரிவரியாக வெட்டிய எலும்புப் பிடி. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்துக் கம்பனி, நட்சத்திரமும் மோல்டாச் சிலுவையும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அதன் குறி. ஷெஃபீல்டில் கத்தி செய்பவர்களுக்கென்று 1624இல் சட்டப்படி அமைந்த சங்கம் ஒன்று முத்திரைகளைப் பதிந்து வந்தது, அதனால்தான் அந்த ஊர்க் கத்திகளை இன்றைக்கும் குறியை வைத்துத் தேடிப் பிடிக்க முடிகிறது. ரொட்ஜர்ஸ் பெயருக்கு இருந்த மதிப்பினால் அதை ஒத்த பெயர்களில் போலிகளும் நிறைய வந்தன. நானா பெயரை மட்டும் நம்பாமல் நட்சத்திரம், சிலுவை இரண்டும் இருக்கிறதா, எழுத்து நேராகவும் ஆழமாகவும் விழுந்திருக்கிறதா என்று பார்த்தது இதற்காகத்தான். கிரீடமும் அதன் இரு பக்கமும் எழுத்தும் இருந்தால் காலத்தை இன்னும் கொஞ்சம் நெருங்கலாம், வீ.ஆர். என்றால் 1901இல் இறந்த விக்டோரியா மகாராணி, ஜீ.ஆர். என்றால் ஜோர்ஜ் பெயர் கொண்ட அரசர்களில் ஒருவர். எங்களுடையதில் கிரீடம் இல்லை, இங்கிலாந்து என்ற சொல் இருக்கிறது. நாட்டின் பெயரை அடிக்கும் வழக்கம் பரவியது அமெரிக்கா 1890இல் இறக்குமதிச் சாமான்களுக்கு அதைக் கட்டாயமாக்கிய சட்டத்துக்குப் பிறகு, ஆகவே கத்தி அநேகமாக அதற்குப் பிந்தியது. ஸ்டெயின்லஸ் என்ற சொல் எங்கும் இல்லை. கறள் பிடிக்காத உருக்கை ஹரி பிரேர்லி ஷெஃபீல்டில் கண்டுபிடித்தது 1913இல், அந்தச் சொல் அடித்திருந்தால் கத்தி கட்டாயம் அதற்குப் பிந்தியது. இல்லாவிட்டால் முந்தியது என்று ஆகிவிடாது, ஏனென்றால் சாதாரணக் கார்பன் உருக்குக் கத்திகளும் அதற்குப் பிறகு நெடுங்காலம் வந்தன. இந்த வேறுபாட்டை அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்தது. கத்தியைப் பழையது ஆக்கிக் காட்டி என்னைச் சந்தோஷப்படுத்த அவர் முயற்சிக்கவில்லை.

இரண்டாவது கத்திக்கு லென்ஸே தேவைப்படவில்லை. கறுப்பு நிறம், கட்டம் கட்டமாகச் சொரசொரப்பான பிடி, ஒரு அலகு, டின் திறக்கும் கொக்கி, பின்பக்கத்தில் கயிற்று முடிச்சு அவிழ்க்கும் தடித்த ஊசி, தொங்கவிடுவதற்கு ஒரு வளையம். அலகில் அகன்ற அம்புக்குறி, கூடவே 1944. அம்புக்குறி பிரித்தானிய அரசாங்கச் சொத்து என்பதற்கான அடையாளம். இரண்டு டீ (D) எழுத்துக்கு நடுவில் அம்பு இருந்தால் அது அவுஸ்திரேலியப் பாதுகாப்புத் திணைக்களத்தினுடையது, எங்களுடையதில் வெறும் அம்புதான். 1944ஆம் ஆண்டை இங்கே யோசித்துப் பாருங்கள். மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் அந்த வருஷம்தான் பேராதனைக்கு வந்தது, நாடு முழுக்கப் பட்டாளம். யுத்தம் முடிந்த பிறகு இந்த மாதிரிச் சாமான்கள் எத்தனை கை மாறியிருக்கும். துரை கொடுத்ததாகவும் இருக்கலாம், புறக்கோட்டைச் சந்தையில் அம்மப்பாவே வாங்கியதாகவும் இருக்கலாம், அதைக் கத்தி சொல்லாது என்றார் நானா.

மூன்றாவதில்தான் வீட்டுக் கதை உடைந்தது. மினுமினுப்பான பச்சையும் மஞ்சளும் கலந்த பிடி, சின்னக் கத்தி, கழுத்தில் சோலிங்கன், அதன் கீழே மேற்கு ஜேர்மனி. மேற்கு ஜேர்மனி என்று ஒரு நாடு இருந்தது 1949இலிருந்து 1990 வரை. அம்மப்பா வேலை செய்த தோட்டத்தில் கடைசி வெள்ளைக்காரத் துரை 1948க்கு முன்பே போய்விட்டார் என்பதில் அம்மா உறுதியாக இருக்கிறார், எனவே இது அவர் கொடுத்ததாக இருக்க வழியே இல்லை. (சோலிங்கன் என்ற ஊர்ப் பெயருக்கே ஜேர்மனியில் 1938இலிருந்து சட்டப் பாதுகாப்பு உண்டு, அந்த ஊரில் செய்யாத கத்தியில் அதை அடிக்கக்கூடாது.) அம்மாவுக்கு முதலில் கொஞ்சம் ஏமாற்றம். எனக்கு இது அதைவிட நல்ல கதை. ஒரு தோட்டத்துக் கிளாக்கர் தன் சம்பளத்தில் ஒரு நல்ல ஜேர்மன் கத்தியைத் தேடி வாங்கியிருக்கிறார்.

இதே கத்தியில்தான் நானா ஒரு எச்சரிக்கையும் சொன்னார், பழைய கத்தி வைத்திருக்கிற எல்லோரும் இதைக் கவனிக்க வேண்டும். அந்தப் பிடியைத் துணியால் வேகமாகத் தேய்த்து என் மூக்குக்குக் கிட்டக் கொண்டு வந்தார். கற்பூர மணம். செலுலோயிட் என்ற பழைய பிளாஸ்டிக், அதைச் செய்யும்போது கற்பூரம் சேர்ப்பார்கள். காலம் போகப் போக அது சிதைந்து அமில ஆவியை வெளியே விடும், மூடிய பேணிக்குள் இருந்தால் அந்த ஆவி பக்கத்தில் கிடக்கும் மற்றக் கத்திகளின் உருக்கையும் பித்தளையையும் தின்னும். எங்கள் பேணிக்குள் மற்ற நான்கிலும் அந்தக் கத்தியைப் பார்த்த பக்கம் மட்டும் கறள் ஏன் கூடுதலாக இருந்தது என்பதற்கு அவர் சொன்ன விளக்கம் இதுதான். செலுலோயிட் பிடி உள்ள கத்தியைத் தனியாக, காற்றோட்டமாக, வெயில் படாமல் வையுங்கள். நெருப்புக்குக் கிட்டக் கொண்டு போகவே வேண்டாம், சட்டென்று பற்றிக்கொள்ளும். பிடி எலும்பா பிளாஸ்டிக்கா என்று பார்க்கச் சுட்ட ஊசியைக் குத்திப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு, அந்த முறையும் இதனால்தான் ஆபத்து. எலும்பை லென்ஸில் பார்த்தாலே போதும், இரத்தக் குழாய் ஓடிய சின்னச் சின்னப் புள்ளிகளும் கோடுகளும் தெரியும், பிளாஸ்டிக்கில் அவை இருக்காது. எருமைக் கொம்பு நார் நாராக இருக்கும், ஓரம் வளைந்து மேலே எழும்பும், பூச்சியும் அரிக்கும்.

இப்போது நான்காவது. ஐந்திலும் மிகவும் அசிங்கமாக இருந்தது இதுதான், அண்ணா இதைத் தனக்கு வேண்டாம் என்று முதலே சொல்லிவிட்டார். சாதாரண மரப் பிடி, நேரான ஒற்றை அலகு, பிடியின் மறு முனையில் எலும்பில் செய்த தட்டையான நாக்கு போன்ற ஒரு துண்டு, பழுப்பேறி நுனி தேய்ந்திருந்தது. கடிதம் திறக்கும் கத்தி என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம், கிளாக்கர் என்பதால் அது பொருத்தமாகவும் இருந்தது. நானா அதைக் கையில் எடுத்ததும் கேட்டார்: “மகள், இவர் றப்பர் தோட்டத்திலயா இருந்த?” நான் அதுவரை தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

அது ஒட்டுக் கத்தி. றப்பர் கன்றில் மொட்டு ஒட்டுவதற்கான கத்தி. நல்ல பால் தரும் மரத்தின் கிளையிலிருந்து ஒரு மொட்டைப் பட்டையோடு பெயர்த்து எடுத்து, விதையில் முளைத்த கன்றின் பட்டையைக் கீறித் திறந்து உள்ளே வைத்துக் கட்டுவார்கள். கீறுவதற்கு அலகு, கீறிய பட்டையை உள்ளிருக்கும் ஈரமான தசை காயப்படாமல் தூக்குவதற்கு அந்த எலும்பு நாக்கு. இரும்பால் தூக்கினால் உள்ளே கீறிவிடும், அந்த இடம் கறுத்து மொட்டு பிடிக்காமல் போகும். ஏறக்குறைய மூன்று வாரம் கழித்துக் கட்டை அவிழ்த்துப் பார்த்தால் மொட்டு பச்சையாக இருக்க வேண்டும், அப்படி இருந்தால் ஒட்டு பிடித்துவிட்டது. றப்பர் கன்றுகள் நம் நாட்டுக்கு, கம்பஹாவில் உள்ள ஹெனரத்கொட பூங்காவுக்கு, வந்தது 1876இல். ஆனால் மொட்டு ஒட்டும் முறை அப்போது இல்லை, ஜாவாவிலும் சுமாத்திராவிலும் டச்சுக்காரர்கள் 1916 வாக்கில் அதை உருவாக்கிய பிறகுதான் இங்குள்ள தோட்டங்களுக்கும் வந்தது. அம்மப்பா வெறும் கணக்கு எழுதியவர் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். அன்று பின்னேரம் அம்மாவிடம் கேட்டதும், நாற்றுமேடைப் பக்கம் அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தி இருந்ததைச் சின்ன வயதில் பார்த்த ஞாபகம் அம்மாவுக்கு வந்தது. எலும்பு நாக்கு ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருப்பதை வைத்து, பாவித்தவர் வலது கைக்காரர் என்று நானா சொன்னார். அம்மப்பா வலது கைக்காரர்தான்.

இந்தத் துண்டு யானைத் தந்தமாக இருக்குமோ என்று நான் கேட்டேன், பழைய கத்திகளில் அதுவும் உண்டு. லென்ஸைக் கொடுத்து என்னையே பார்க்கச் சொன்னார். தந்தத்தைக் குறுக்காக வெட்டிய பக்கத்தில் ஒன்றையொன்று வெட்டும் வளைந்த கோடுகள் வலை போலத் தெரியும், இதில் எலும்பின் புள்ளிகள்தான் இருந்தன. உங்கள் கத்தியில் தந்தம் இருந்தால் விற்பதற்கோ வெளிநாட்டுக்குக் கொண்டு போவதற்கோ முன்னால் கட்டாயம் விசாரியுங்கள், நாடு விட்டு நாடு தந்தம் வியாபாரம் செய்வது சர்வதேச ஒப்பந்தப்படி தடை. எந்தப் பிடியாக இருந்தாலும் விமானத்தில் கைப்பையில் கத்தி போடக்கூடாது என்பது தெரிந்ததுதான், கனடாவுக்கும் லண்டனுக்கும் போகிற பங்குகளை நாங்கள் பெட்டிக்குள் வைத்துத்தான் அனுப்பப் போகிறோம்.

ஐந்தாவது கத்தியைப் பற்றி எழுதவே மனம் வரவில்லை. கன வருஷத்துக்கு முன்னால் மாமா அதைப் புதிது போல ஆக்கித் தருகிறோம் என்ற ஒரு இடத்தில் கொடுத்திருக்கிறார், அவர்கள் மோட்டர் சக்கரத்தில் வைத்துப் பளபளவென்று மினுக்கிக் கொடுத்துவிட்டார்கள். அலகு கண்ணாடி மாதிரி இருக்கிறது. கழுத்தும் கண்ணாடி மாதிரி இருக்கிறது, முத்திரை அடியோடு இல்லை. நானா வெண்கட்டியும் தடவிப் பார்த்தார், டோர்ச்சும் பிடித்துப் பார்த்தார், பிடியின் ஆணிகளையும் பார்த்தார், கடைசியில் “இது தெரியல்ல மகள்” என்று வைத்துவிட்டார். ஷெஃபீல்டாக இருக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நாங்கள் நம்பியிருப்போம். சொல்லவில்லை. மற்ற நான்கைப் பற்றி அவர் சொன்னதை நான் நம்புவதற்கு இந்த ஒரு பதில் போதும்.

சரி, சேவை எப்படி? ஐந்தையும் தீட்டச் சொல்லித்தான் போனேன். அவர் இரண்டை மட்டும் தீட்ட ஒத்துக்கொண்டார், ஜேர்மன் கத்தியும் மினுக்கிய கத்தியும், அதுவும் மெஷினில் இல்லாமல் எண்ணெய்க் கல்லில் கையால். கத்தி ஒன்றுக்கு 500 ரூபா. பார்த்துச் சொன்னதற்குக் காசு வாங்க மறுத்துவிட்டார், நான் வற்புறுத்தியும் எடுக்கவில்லை. ரொட்ஜர்ஸ், பட்டாளக் கத்தி, ஒட்டுக் கத்தி மூன்றையும் தீட்டத் தேவல்ல என்று திருப்பித் தந்தார். அவற்றின் அலகில் சாம்பலும் நீலமுமாகப் படிந்திருக்கும் நிறம் கறள் இல்லை, அது உருக்கைக் காக்கும் படலம், அதை உரிக்கக்கூடாது. சிவப்பாக, தொட்டால் கையில் ஒட்டும் கறளை மட்டும் எண்ணெய் தொட்ட மெல்லிய துணியால் தேய்த்து எடுக்க வேண்டும், கழுத்துப் பக்கம் உப்புத்தாளே படக்கூடாது. வெள்ளவத்தை மாதிரிக் கடற்கரையோரத்தில் இருப்பவர்கள் மாதம் ஒருக்கால் எடுத்துத் துடைத்து எண்ணெய் பூசினால் நல்லது. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுபிசுத்து மூட்டை இறுக்கிவிடும். தோல் உறைக்குள் போட்டு நிரந்தரமாக வைக்கவும் வேண்டாம், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும்.

தீட்டிய இரண்டும் அருமை. ஜேர்மன் கத்தி ஒரு தாளை நடுவில் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் கிழிக்கிறது, மூடும்போது டக்கென்று ஸ்பிரிங் அடிக்கிறது, அலகு பக்கவாட்டில் ஆடவில்லை. தீட்டியதில் அலகின் அகலம் குறைந்ததாகவே தெரியவில்லை, படத்தை வைத்து முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்தேன்.

குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்ல வேண்டும். பற்றுச்சீட்டு தருவதில்லை, கத்தியை விட்டுவிட்டு வர நேர்ந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உட்கார ஒரே ஒரு ஸ்டூல், கத்தரிக்கோலோடு வரும் தையல்காரர்களுக்குத்தான் முன்னுரிமை, அவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வருகிறார்கள் என்பதால் அதில் எனக்கு மனக்குறை இல்லை. ஆனால் அவசரத்தில் போனால் எரிச்சல் வரும். பிரெஞ்சு, சுவிஸ் கத்திகள் பற்றி அவருக்கு அவ்வளவு பழக்கம் இல்லை, நான் இருந்தபோது ஒருவர் கொண்டு வந்த பழைய ஒபினெல் கத்தியைத் தீட்டிக் கொடுத்தாரே ஒழிய அதன் காலம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. (உங்களிடம் ஒபினெல் இருந்தால் பிடியின் கழுத்தில் சுழலும் வளையப் பூட்டு இருக்கிறதா என்று பாருங்கள், அது 1955இல் வந்தது. சுவிஸ் கத்தியில் விக்டோரினொக்ஸ் என்ற பெயர் இருந்தால் 1921க்குப் பிந்தியது.) இன்னொன்று, விலை மதிப்புச் சொல்லமாட்டார். எவ்வளவுக்கு விற்கலாம் என்று கேட்டால் அது தன் வேலை இல்லை என்று முடித்துவிடுகிறார். விற்க நினைப்பவர்களுக்கு இது பெரிய குறை, என் போன்றவர்களுக்கு இல்லை. ஐந்துக்கு நாலரை கொடுப்பேன், அந்த அரையையும் பற்றுச்சீட்டுக்காகத்தான் பிடிக்கிறேன்.

பங்கு பிரிப்பதில் ஒரு மாற்றம் நடந்தது. வேண்டாம் என்று சொன்ன அண்ணாவே இப்போது ஒட்டுக் கத்தி தனக்கு வேண்டும் என்கிறார், தம்பியும் கேட்கிறார், நானும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. முடிவு அம்மா கையில்.

போகிற வழி: கோட்டை அல்லது மருதானை ஸ்டேஷனில் இறங்கி ஓட்டோ பிடித்துப் பழைய சோனகத் தெரு என்று சொல்லுங்கள். இரும்புச் சாமான், பெயின்ட், குழாய்க் கடைகள் வரிசையாக இருக்கும், யாரிடமாவது கத்தரிக்கோல் தீட்டுகிற நானா கடை என்று கேட்டால் ஒழுங்கையைக் காட்டுவார்கள். காலை பத்துக்கு முன்னால் போனால் கூட்டம் குறைவு. வெள்ளிக்கிழமை பகல் ஜும்ஆவுக்குக் கடை மூடியிருக்கும், ஞாயிறு கடை இல்லை. காசாகக் கொண்டு போங்கள், கார்ட் எடுக்கமாட்டார். கத்தியை வீட்டில் துடைக்காமல், இருக்கிறபடியே கொண்டு போங்கள்.